நாலரை லிட்டர் யானை

பிரிக்பீல்ட்ஸ்,
25.10.2025

அன்புள்ள நாகையா அண்ணனுக்கு,

தங்கை சீதாலெட்சுமி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் குமுதா அண்ணியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். கிள்ளானில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் போனில் நாம் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி கதவைத் தட்டி, "சீதா, ஓகே ஆ?" என்று விசாரித்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளைதான் வழி சொன்னார். "அண்ணனும் தங்கச்சியும் போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் பிரஷர் ஏறுது. லெட்டர் போட்டுக்கங்க. எழுதி முடிக்கிறதுக்குள்ள பாதிக் கோபம் இறங்கிடும்." எனக்கு இன்னும் இறங்கவில்லை.

தீபாவளியன்று எங்கள் அடுக்குமாடிக்கு வந்தீர்கள். பதினோரு வருடமாக நீங்கள் ஓட்டும் அந்த வண்டி, நாலரை லிட்டர் எஞ்சின் யானை, கார் நிறுத்துமிடத்து வாசல் கம்பியில் முட்டி நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பின்னால் பன்னிரண்டு கார்கள் ஹாரன் அடிக்க, புதுப் புடவையோடு நான் நடுரோட்டில் நின்று போலீஸ்காரி மாதிரி கை காட்டினேன். அதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்குங்கள் என்று சொன்னது குற்றமா?

இப்போது நல்ல செய்தி. என் பெண் தாமரைக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஜனவரி 25, ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டார் ஊரான சுங்கை பூலோவில் மண்டபம். பெண்ணை வீட்டிலிருந்து மண்டபத்துக்குத் தாய்மாமன்தான் கூட்டிப்போக வேண்டும். அந்த உரிமை உங்களுடையது. யானைக்கு அதில் பங்கில்லை.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி? எழுதுங்கள்.

அன்புடன்,
சீதா


கிள்ளான்,
1.11.2025

பாசமுள்ள தங்கச்சிக்கு,

இங்கு நலம். அண்ணியின் முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். போலீஸ்காரி இடத்தில் ரொம்ப நேரம் சிரித்தாள். யார் பக்கம் என்று கேட்டால் மட்டும் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

முகூர்த்தம் குறித்ததில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் ஒன்று. தாமரை என் வண்டியில்தான் போவாள். கல்யாணத்துக்கு மாமா வண்டியில் கூட்டிப்போவேன் என்று அவளுக்கு ஐந்து வயதில் கொடுத்த வாக்கு. இருபத்தோரு சீர்த்தட்டு வேறு இருக்கிறது. அத்தனையும் எதில் ஏறும், அவள் ஓட்டுகிறாளே அந்தத் தீப்பெட்டியிலா?

பெரிய வண்டி என்றால் உனக்குப் பெட்ரோல் மட்டும்தான் தெரிகிறது. நாலு வருடத்துக்கு முந்திய வெள்ளத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் சின்னக் கார்கள் எல்லாம் மிதந்தன. என் யானை மூன்று நடை போய்ப் பதினேழு பேரை மேட்டில் இறக்கியது. அதில் ஒரு பாட்டி ஆக்சிஜன் பாட்டிலோடு இருந்தார். அன்றைக்கு யாரும் என்னிடம் பெட்ரோல் கணக்குக் கேட்கவில்லை. லோரிக்காரன் இடித்தாலும் உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த உயரத்தில் உட்கார்ந்து பார், ரோடு முழுக்க உன் காலடியில் கிடக்கும். எதுவும் கண்ணுக்குத் தப்பாது.

மாப்பிள்ளை சுகுமாறனைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
8.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் மாப்பிள்ளைக்கு லேசாகச் சளி, அவ்வளவுதான்.

வெள்ளத்தில் நீங்கள் செய்தது பெரிய காரியம். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வெள்ளம் வந்தது இரண்டு நாள். மீதி நாளெல்லாம் அந்த யானை உங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பாசாருக்குக் கொத்தமல்லி வாங்கப் போகிறது. அடையாள அட்டையைக் காட்டி மாதம் முந்நூறு லிட்டர் மலிவு விலையில் அடிக்கலாம் என்கிறது அரசாங்கம். எங்கள் வீட்டில் பாதிகூடத் தீர்வதில்லை. உங்களுக்கு இருபதாம் தேதியே தீர்ந்துவிடுகிறது என்று அண்ணி சொன்னார். ரோடு வரி கட்டும் மாதம் வீட்டில் மீன் கிடையாது என்றும் சொன்னார். அவரைத் திட்டாதீர்கள். நான்தான் வாயைக் கிளறினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி வருவதைப் பார்த்தால் எதிரே வருகிறவன் ஒதுங்குகிறான். அது உங்களுக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் கெட்டவர் இல்லை அண்ணே. ஆனால் அந்த ஆசனத்தில் ஏறி உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுகிறீர்கள்.

நாக்கு நீளம் என்று அம்மா சொன்னது சரிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். சீர்த்தட்டுக்கு வழி நான் பார்க்கிறேன். நீங்கள் வந்தால் போதும்.

சீதா


கிள்ளான்,
26.11.2025

சீதாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

நீ சொன்னதுதான் சரி. பெரிய வண்டி வேண்டாம். கல்யாணத்தன்று தாமரையை வேறு யாராவது கூட்டிப்போகட்டும். சுகுமாறனின் தம்பி நிதானமாக ஓட்டுவார். எனக்குப் பெட்ரோலும் தீர்ந்துவிடுகிறது, மண்டபத்தில் நிறுத்த இடமும் சிரமம். நானும் அண்ணியும் எப்படியாவது வந்து சேர்கிறோம்.

அவளிடம் பக்குவமாகச் சொல்.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
30.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம்கூட இல்லை. திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன்.

நான் பேசியது தப்பு. வண்டியைச் சொல்லப் போய் உங்களைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். யானையையே கொண்டுவாருங்கள். மாலை போட்டு, குங்குமம் வைத்து, நானே ஆரத்தி எடுக்கிறேன். தாமரையிடம் சொன்னேன். "மாமா வரலன்னா நானும் கார்ல ஏற மாட்டேன்மா. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கங்க, என் கல்யாணத்த விட்ருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாய்மாமன் கை பிடித்து இறக்காமல் என் பெண் மண்டபத்துக்குள் போனால், நாலு பேர் கேட்பார்கள் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. எனக்கே தாங்காது அண்ணே. ஒரு வரி பதில் போடுங்கள்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்,
16.12.2025

அண்ணே,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. அண்ணிக்குப் போன் போட்டேன். "வண்டிய மூடி போட்டு நிறுத்தியிருக்காரு. காலையில பசியாற எப்பவும் போற நூர்ஜஹான் அக்கா கடைக்கும் போறதில்ல. கேட்டா எரிஞ்சு விழறாரு" என்றார். கோபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று உங்கள் இரண்டு கடிதங்களையும் மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் எழுத்து அச்சடித்த மாதிரி நேராக இருக்கிறது. இரண்டாவதில் ஒவ்வோர் எழுத்தும் பெரிசு பெரிசாக, வரிகள் வலது பக்கம் மேலேறிப் போகின்றன. அதைவிட இன்னொன்று. என்னுடைய ஐம்பத்தொன்பது வயதில் நீங்கள் ஒருமுறைகூட என்னைப் பார்த்து "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னதில்லை. நான் சரியாகச் சொன்னபோதுகூடச் சொன்னதில்லை. கோபக்காரர் அப்படி எழுத மாட்டார். பயந்தவர்தான் எழுதுவார்.

அப்பாவுக்குக் கண் போனது அறுபத்திரண்டு வயதில். கண்ணில் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. அதை மறைத்து அவர் ஒரு வருடம் லோரி ஓட்டினார். ஒரு வீட்டு மதிலை இடித்த பிறகுதான் நமக்கே தெரிந்தது. உங்களுக்கு வருகிற மே மாதம் அறுபத்திரண்டு.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்களுக்குக் கண்ணா?

சீதா


கிள்ளான்,
19.12.2025

அன்புத் தங்கைக்கு,

ஆமாம். அப்படித்தான் நினைக்கிறேன். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

நவம்பர் 18. நூர்ஜஹான் கடையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். கண்ணாடி பார்த்தேன், இடம் வலம் பார்த்தேன், முன்னால் பார்த்தேன். யாரும் இல்லை. சாமி சத்தியமாக யாரும் இல்லை சீதா. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகர்ந்தது. "அண்ணே! புள்ள! புள்ள!" என்று நூர்ஜஹான் கத்திய சத்தத்தில் கால் தானாக மிதித்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் அவளுடைய மகள் வயிற்றுப் பேத்தி ரேஷ்மா, நாலு வயசு, பானட்டுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள். பம்பருக்கும் பிள்ளை தலைக்கும் நடுவில் ஒரு ஜாண் இருந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நூர்ஜஹான் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஒன்னும் ஆவல அண்ணே, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக முகம் இல்லை.

நேர் முன்னால் உட்கார்ந்த பிள்ளை தெரியவில்லை என்றால் வேறு என்ன காரணம்? தினமும் குளியலறையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஷாம்பு பாட்டிலைப் படிக்கிறேன். படிக்க முடிகிறது. ஆனால் அப்பாவும் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தார். உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை இடது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். அதனால்தான் வரி ஏறியிருக்கும்.

இந்தக் கண்ணோடு உன் பெண்ணை எப்படி ஏற்றுவேன்? டாக்டரிடம் போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவார். பயமாக இருக்கிறது.

நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
21.12.2025

அண்ணே,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் மாப்பிள்ளை கையில் கொடுத்துக் கொமுட்டர் ரயிலில் அனுப்புகிறேன். அவர் உங்களைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகாமல் வீடு திரும்ப மாட்டார். மாற்றுச் சட்டை இரண்டு கொண்டுவருகிறார். அண்ணியிடம் எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன்.

அப்பாவுக்கு அப்போது யாரும் இப்படி ஆள் அனுப்பவில்லை. ஆமாம் என்றே டாக்டர் சொன்னாலும் சொட்டு மருந்து இருக்கிறது, நான் இருக்கிறேன்.

சீதா


கிள்ளான்,
24.12.2025

என் அருமைத் தங்கச்சிக்கு,

இங்கு எல்லோரும் நலம், நலம், நலம்! மூன்றுமுறை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை வந்து சொல்வதற்குள் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டார்கள். காற்றை ஊதினார்கள். ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, ஓரத்தில் விளக்கு மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அழுத்தம் நார்மல். ஓரப் பார்வையும் ஃபுல்லா இருக்கு. உங்க வயசுக்கு இது நல்ல கண்ணு. அப்பாவுக்கு இருந்ததால வருஷம் ஒரு தடவ வந்து காட்டுங்க, போதும்" என்றது. நான் நம்பவில்லை. அப்படியென்றால் பிள்ளை ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உங்க வண்டி எவ்ளோ ஒசரம்?" என்றது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை வண்டியின் மூடியை உருவினார். நான் ஏறி உட்கார்ந்தேன். அண்ணி முழங்கால் வலியோடு முன்னால் முக்காலி போட்டு, ரேஷ்மா உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பார், கண்தான் போச்சு என்றேன். அப்போது பக்கத்து வீட்டுக் குரு வந்தார். முப்பத்திரண்டு வயது, எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுகிறவர், லைசென்சுக்காகக் கண் சோதித்துத் தேறியவர். அவரை ஏற்றி உட்காரவைத்தோம். முன்னால் பார்த்துவிட்டுக் குரு கேட்கிறார், "அங்கிள், ஆன்டி எங்க? உள்ள போயிட்டாங்களா?"

சீதா, நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். குருவுக்கும் தெரியவில்லை! முக்காலியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். பானட்டுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரு கட்டில் நீளத்துக்கு, குனிந்திருப்பது யாராக இருந்தாலும் எவன் கண்ணுக்கும் தெரியாது. ஓட்டுகிறவன் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம். அண்ணி எழுந்து, "இதுக்குத்தான் ஒரு மாசமா எங்கிட்ட எரிஞ்சு விழுந்தீங்களா?" என்று முக்காலியைத் தூக்கினாள். மாப்பிள்ளைதான் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அப்படியானால் பதினோரு வருடமாக இப்படியே ஓட்டியிருக்கிறேன். எத்தனை பாசார், எத்தனை பள்ளிக்கூட வாசல். எல்லாம் என் காலடியில் தெரிகிறது என்று உனக்கு எழுதினேனே.

இன்று காலை நூர்ஜஹான் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப கண்ணு நல்லாருக்குல்ல? அல்ஹம்துலில்லாஹ், மொதல்ல சாப்புடுங்க" என்றாள். இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

வண்டியை விற்கிறேன். கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வேலாயுதம் கேட்டிருந்தார். செம்மண் மேட்டுக்கும் முட்டைக்கோசு மூட்டைக்கும் அதுதான் லாயக்கு. முன்பக்கம் கேமரா வைத்தால்தான் சாவி தருவேன் என்றேன். சம்மதித்துவிட்டார்.

உன் அண்ணன்,
நாகையா


பிரிக்பீல்ட்ஸ்,
3.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். தாமரை சிரிக்கிறாள், நான் அழுகிறேன், உங்கள் மாப்பிள்ளை முக்காலிக் கதையை நடித்துக் காட்டுகிறார். மறுபடியும் சீன ஆன்டி கதவைத் தட்டினார். இந்தமுறை பலகாரம் கொடுத்து அனுப்பினேன்.

கல்யாண ஏற்பாட்டைக் கேளுங்கள். சீர்த்தட்டு இருபத்தொன்றும் 24ஆம் தேதி சனிக்கிழமை காலைக் கொமுட்டரில் வரட்டும். ஆளுக்கு இரண்டு தட்டு என்றால் பதினோரு பேர் போதும். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் வீடு பத்து நிமிட நடை. மறுநாள் தாமரையின் சின்னக் காரில் அவளை நீங்கள்தான் ஓட்டிப்போக வேண்டும். அந்தத் தீப்பெட்டியில் உங்கள் வயிறு ஸ்டீரிங்கில் இடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சீதா


பிரிக்பீல்ட்ஸ்,
27.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் நேற்று மறுவீடு வந்தார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. ரயிலில் சீர் வந்ததைத்தான் எங்கள் தெருவே இன்னும் பேசுகிறது. பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணி எஸ்கலேட்டரில் நின்ற படத்தை யாரோ எடுத்து எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் ஒன்றை விட மாட்டேன். சுங்கை பூலோவில் மண்டபத்துக்கு முந்திய கோயிலருகே காரை நிறுத்தினீர்களே, ஏன்? உங்களுக்குப் பின்னால் வேனில் நான் இருந்தேன். விளக்கு பச்சை விழுந்தது, நீங்கள் அசையவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. முகூர்த்தத்துக்கு முப்பது நிமிடம்தான் இருந்தது. எத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள்! தாமரையைக் கேட்டால், "அது எனக்கும் மாமாவுக்கும் உள்ளது" என்கிறாள்.

பதில் போடுங்கள். கோபமாக இல்லை.

சீதா


கிள்ளான்,
30.1.2026

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நலம். அண்ணி ரயிலில் போய் வந்த பெருமையில் முழங்கால் வலியையே மறந்துவிட்டாள். வேலாயுதம் நேற்று வந்து வண்டியை எடுத்துப் போனார். வாசல் காலியாகக் கிடக்கிறது. ஓர் எலுமிச்சைச் செடி வைக்கலாம் என்கிறாள். எனக்குச் சின்னக் கார் ஒன்று பார்த்திருக்கிறோம்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அன்று ஞாயிறு சமய வகுப்புப் பிள்ளைகள் கோயிலுக்கு ரோட்டைக் கடந்தார்கள். முப்பது நாற்பது இருக்கும், எல்லாம் ரேஷ்மாவைவிடக் கொஞ்சம் பெரிசு. விளக்கு பச்சை விழுந்த பிறகும் வரிசையின் வால் முடியவில்லை. நீ வேனின் பின் ஸீட்டில் இருந்ததால் உனக்கு என் காரின் கூரைதான் தெரிந்திருக்கும்.

அந்தச் சின்னக் காரில் நான் அவர்கள் உயரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. ஒருத்தி நெற்றியில் விபூதி கலைந்திருந்தது. ஒருத்தனுக்கு முன்பல் இரண்டு இல்லை. கடைசியாக வந்த குட்டி, காருக்கு நேர் முன்னால் நின்று தேவாரப் புத்தகத்தைக் கீழே போட்டது. குனிந்து எடுத்தது. குனிந்தபோதும் அதன் முதுகு தெரிந்தது, சடை தெரிந்தது, ரிப்பன் தெரிந்தது. எடுத்துக்கொண்டு, மணப்பெண்ணைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு ஓடியது. அதற்குப் பிறகும் என் கால் பிரேக்கைவிட்டு வரவில்லை.

தாமரை கேட்டாள், "ஏன் மாமா அழறீங்க?"

"எல்லாம் தெரியுதும்மா" என்றேன்.

அவள் பூ வைத்திருந்த கையால் என் தோளைத் தொட்டு, "மெதுவா போங்க மாமா. மண்டபத்துல அவங்க காத்திருப்பாங்க" என்றாள்.

அண்ணன்,
நாகையா